வீட்டில் யாரும் இல்லை என்று நீ சொன்னாய்

கரண்ட் போய்விட்டது. கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். டீசல் புகை மாடிப்படி ஏறி, நான் உட்கார்ந்திருக்கும் இந்த அறைக்குள் வந்து நிற்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் வேறு எந்த வாடையும் என்னை ஒன்றும் செய்யாது. மல்லிகைப்பூ, சாம்பிராணி, பலகாரக் கடை எண்ணெய் எல்லாம் மூக்குக்குப் பழகிப்போனவை. டீசல் மட்டும் வந்தால் என் கண் கதவுப் பக்கம் போய்விடும். அது ஏன் என்று முழுசாகத் தெரிந்த ஆள் நீ. நீ இறந்து, வரும் மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

செத்துப்போனவளுக்கு லெட்டர் எழுதுகிறாயே, உனக்கு மரை கழன்றுவிட்டதா என்று கேட்பாய். கழன்றுதான் போயிருக்கிறது. இன்று சாயங்காலம் என் அம்மா நம் ஊர்க் கம்பத்து ஆட்களோடு வேனில் ஏறிப் போனாள். கூட்டிக்கொண்டு போனது உன் தம்பி. நான் கையைப் பிடித்துத் தடுத்தும் அவள் கேட்கவில்லை. கிள்ளான் ரோட்டில் இந்நேரம் ஜாம் இருக்கும், போய்ச் சேர நேரமாகும். அதுவரை நான் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே நான் வரைந்த படங்களை மாட்டியிருக்கிறேன். நம் கம்பத்தின் படங்கள். இன்றுதான் கண்காட்சிக்கு முதல் நாள்.

நம் கம்பத்தை வெளி ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. கிள்ளானைத் தாண்டிக் கடல் பக்கம் போகிற ரோட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மாதா கோயில். அதைச் சுற்றித் தகரக் கூரை வீடுகள், ஒரு வரிசைக் கடை. எந்தக் காலத்திலோ ஒரு பாதர் நிலம் வாங்கி, தோட்டத்தில் வேலை போன கிறிஸ்தவக் குடும்பங்களை அங்கே குடிவைத்தார். அதனால் வீடு அவரவருடையது, நிலம் கோயிலுடையது. கோயில் மணி அடித்தால் டிவியை நிறுத்துகிற ஊர். பாதர் எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். ஊரை நடத்தியது உபதேசியார், உன் அப்பா.

அந்த ஊரில் நாங்கள் யார்? என் அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். லோரி ஓட்டுகிற ஓர் இந்துப் பையனைப் பிடித்துப்போய், யாரிடமும் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவள் அப்பா இறந்த பிறகு வீடு காலியாகக் கிடந்தது. போக வேறு இடமில்லாமல் புருஷனையும் என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். ஊர் எங்களைத் துரத்தவில்லை, கைகழுவி விட்டது. ஞாயிறு பூசைக்கு அம்மா போவாள், கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். எல்லாரும் எழுந்து வரிசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது, கோயிலில் கல்யாணம் பண்ணாத அவள் மட்டும் உட்கார்ந்தே இருப்பாள், பக்கத்தில் நான். எனக்கு ஞானஸ்நானமும் இல்லை, நெற்றியில் திருநீறும் இல்லை. ‘அந்த வீட்டுப் புள்ள’ என்றால் நான்தான். மற்ற பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு விளையாட விடமாட்டார்கள். நீ மட்டும் வருவாய், அதுவும் முன்வாசல் வழியாக இல்லை. பின்னால் ஓடுகிற லோங்காங்கைத் தாண்டிக் குதித்து, சாக்கடைத் தண்ணீர் கணுக்காலில் வழிய, உபதேசியார் மகள் எங்கள் அடுப்படியில் வந்து நிற்பாய். அம்மா முதலில் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பாள். அப்புறம்தான் திட்டுவாள்.

ஒரு தைப்பூசத்துக்கு அப்பா பத்துமலையில் பால்குடம் எடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்தார். வந்தவர் லோரியின் முன் கண்ணாடியில் ஒரு மயிலிறகைச் செருகி வைத்திருந்தார். லோரி எங்கள் வாசலில் கோயிலைப் பார்த்து நின்றது. மறுநாள் சாயங்காலம் ஆம்பிளைகள் கூட்டமாக வந்து எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், முன்னால் உன் அப்பா. அவர் கத்துகிற ஆள் இல்லை. “இது கோயில் நிலம். புள்ளய ஞானோபதேசத்துக்கு அனுப்புங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க” என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். என் அப்பா சந்தனம் காய்ந்த தலையை ஆட்டினார். அவர்கள் போனதும் மயிலிறகை எடுத்து உள்ளே வைத்தார். என்னை மட்டும் வகுப்புக்கு அனுப்பவில்லை. அந்த ஒரு வீம்பு அவரிடம் இருந்தது. அதற்கப்புறம் கேட் கிறீச்சிட்டால் போதும், நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எனக்குப் பதிமூன்று வயசு. பாயை நனைக்க ஆரம்பித்தேன். அது உனக்குத் தெரியும். காயப்போட்ட பாயைப் பார்த்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த திருவிழாவில்தான் அது நடந்தது. இன்று வந்தவர்களில் நம் ஊர்த் திருவிழா தெரியாதவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பூசை முடிந்ததும் மாதா சுரூபத்தை லோரியில் ஏற்றி, பூவும் கலர் பல்புமாகச் சப்பரம் ஜோடித்து, பின்னால் ஜெனரேட்டர் வண்டியைக் கட்டி, ஊரைச் சுற்றி வருவார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டே போவார்கள். ஒருத்தர் மைக்கில் முதல் பாதியைச் சொல்ல, கூட்டம் மறு பாதியைச் சொல்லும். அப்படி மாலையில் மணிக்கு ஒரு ஜெபமாகப் பத்து மணி உருட்டி முடிந்து, “பிதாவுக்கும் சுதனுக்கும்” என்று கேட்டதும் லோரி எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வாசலில் நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள். மாலை போட்டு, உப்பும் மிளகும் வைத்து, அழுது கும்பிடுவார்கள். மாதா நின்ற வீட்டுக்கு அந்த வருஷம் கல்யாணம் கூடும், வேலை கிடைக்கும் என்று நம்பிக்கை.

மைக் உன்னிடம் இருந்தது. அந்தச் சின்ன வயசில் அப்படி ஒரு கணீர்க் குரல் உனக்கு. எங்கள் வீட்டுக்கு முந்தின திருப்பம் வந்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உன் முதுகில் தட்டுவார். தட்டினால் வேகமாகச் சொல்ல வேண்டும். அருள் நிறைந்த மரியே எல்லாம் மூச்சுவிடாமல் ஓடும். அப்படி ஓடினால் பத்து மணி எங்கள் பக்கத்து வீட்டிலேயே முடிந்துவிடும், சப்பரம் அங்கே நிற்கும். அடுத்த பத்து தொடங்கி எங்கள் வாசலைக் கடந்து போய்விடும். ஊரில் யாரும் இதைப் பேசிக்கொண்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அன்று அப்பா ஜொகூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். அம்மா வழக்கம்போல விளக்கை அணைத்தாள். விளக்கு எரிந்தால் ஊர்வலத்தில் வருகிறவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும், அந்தச் சங்கடத்தை நாம் ஏன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பாள். நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் உன் குரல் நெருங்கி வந்தது. பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டியது. நிற்கவில்லை. நீ நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாய், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்டது. சரியாக எங்கள் கேட்டுக்கு நேரே “பிதாவுக்கும் சுதனுக்கும்” என்றாய். லோரிக்காரர் பழக்கத்தில் பிரேக்கை அழுத்திவிட்டார்.

டீசல் புகை கண்ணாடிச் சட்ட ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. சிவப்பும் பச்சையுமாகப் பல்பு வெளிச்சம் எங்கள் சுவரில் அணைந்து அணைந்து எரிந்தது. வெளியே செருப்புச் சத்தம், இருமல், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஊரே எங்கள் வாசலில் நிற்கிறது. எனக்கு மாதா ஞாபகமே வரவில்லை. மறுபடியும் வந்துவிட்டார்கள், இந்தத் தடவை பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மேசைக்கு அடியில் நுழைந்து என் கையை நானே கடித்துக்கொண்டேன். அம்மா கதவருகில் நின்றாள். அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. தாழ்ப்பாள் மெல்லக் கடகடத்தது. மேசையில் வெள்ளைத் துணி இல்லை, ஒரு மெழுகுவத்தி இல்லை, ஒரு முழம் பூ இல்லை. எதைக் கொண்டு அவள் கதவைத் திறப்பாள்?

கேட்டைத் திறந்துகொண்டு நீதான் வந்தாய். “ஆன்ட்டி” என்று மெதுவாகக் கூப்பிட்டாய். ஜன்னல் பக்கம் வந்து கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே பார்த்தாய். என்னைப் பார்த்தாய். கதவோடு ஒட்டி நின்ற என் அம்மாவைப் பார்த்தாய். உன் கண்ணில் நான் பார்த்ததும் பயம்தான். அப்புறம் திரும்பி, மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாய்.

“வீட்ல யாரும் இல்ல.”

லோரி நகர்ந்தது. வெளிச்சம் சுவரைவிட்டுப் போன பிறகு அம்மா கதவோடு சறுக்கி உட்கார்ந்தாள். மாதா வந்து வாசலில் நின்றாள், நான் திறக்கவில்லை, நான் திறக்கவில்லை என்று முனகிக்கொண்டே இருந்தாள். மறுநாள் யார் கேட்டாலும் நாங்கள் காஜாங்கில் அப்பாவின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தாள். மாதாவை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினவள் என்று ஒரு பேர் வந்தால் அந்த ஊரில் அப்புறம் எப்படி இருப்பது?

யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வேறு கதை கிடைத்துவிட்டது. உபதேசியார் மகளுக்கு எண்ணத் தெரியவில்லை, பத்துக்கு மேல் சொல்லிவிட்டாள், அதனால்தான் சப்பரம் தப்பான வாசலில் நின்றது! உன் அப்பா உன்னிடமிருந்து மைக்கை வாங்கி வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். நீ திரும்ப ஒருநாளும் மைக் பிடிக்கவில்லை. கடைக்குப் போனால் கிழவர்கள் கூட, பாக்கிச் சில்லறையை எண்ணிக் காட்டு பார்ப்போம் என்று கிண்டல் பண்ணுவார்கள். நீ சிரித்துக்கொண்டே போய்விடுவாய். வளர்ந்து பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாய். ‘எண்ணத் தெரியாத கணக்கு டீச்சர்’ என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் ஊரைவிட்டு ஓடிவந்தவள். செராஸில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கடை பேனரும் வடிவமைக்கிற வேலை, மீதி நேரத்தில் பழுப்புக் காகிதத்தில் கரியால் வரைவது. எதை வரையத் தொடங்கினாலும் கம்பத்தில்தான் போய் நின்றது. கடைசிப் பெஞ்ச், கேட்டைப் பிடித்த கைகள், லோங்காங். வாடகை அறையில் தனியாக இருக்கும்போது கூடக் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் வரைவேன். யாருக்கும் முகம் வரையமாட்டேன், யாராவது அடையாளம் கண்டுபிடித்துவிட்டால்? நீ ஒருநாள் வந்து அத்தனையையும் தரையில் பரப்பிப் பார்த்தாய். “இவங்களுக்கெல்லாம் மூஞ்சி எங்கடி? கோயில்ல வெச்சிட்டு வந்துட்டாங்களா?” என்றாய். என் அப்பாவுக்கு மட்டுமாவது முகம் வை, அவர் ஒன்றும் பேய் இல்லை, நிலம் போய்விட்டால் இத்தனை குடும்பத்தை எங்கே கொண்டு வைப்பது என்று ராத்திரியெல்லாம் தூங்காத மனுஷன் என்று சொன்னாய். நான் அவருக்கு முகம் வைத்தேன். உன்னுடைய கண்ணையே வைத்தேன்.

உன் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு சனிக்கிழமைகளில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வரைந்து தொலை, ஆனால் குண்டாக வரையாதே என்பாய். அங்கேதான் ஒருநாள், மெஷின் சத்தத்துக்கு நடுவே, நான் கேட்காமலேயே சொன்னாய்.

“நான் தப்பா எண்ணல டி. சரியா பத்துதான் சொன்னேன். அவசரப்படாம சொன்னா அந்தப் பத்து உங்க வாசல்லதான் முடியும். ஒவ்வொரு வருஷமும் ஓட ஓட சொல்லிட்டு, மாதாவுக்கு இது கேக்குமான்னு எனக்குப் பயமா இருந்துச்சு.”

அப்புறம், உன் அம்மாவை அப்படிப் பயமுறுத்துவோம் என்று நினைக்கவே இல்லை என்றாய். ஏன் இத்தனை வருஷம் ஊரை அப்படிச் சிரிக்க விட்டாய் என்று கோபமாகக் கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் சரியாகத்தான் எண்ணினேன் என்று சொன்னால், அப்புறம் ஏன் அங்கே நிறுத்தினாய், உள்ளே என்ன பார்த்தாய் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள், உங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் வருவார்கள் என்றாய்.

நீ போன அன்று கோயிலில் கூட்டம் நிற்க இடமில்லை. என் அம்மா முன் பெஞ்சில் இருந்தாள். என் அப்பா இறந்த பிறகு பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, இப்போது அவள் ஜெபமாலைக் கூட்டத்தில் ஒருத்தி. அவள் வாசலில் சப்பரம் நிற்கிறது. மேசைக்கு வெள்ளைத் துணியைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே துவைத்து வைக்கிறாள். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசின பெரியவர், எண்ணத் தெரியாத நம் கணக்கு டீச்சர் என்று உன்னைப் பற்றிச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அழுதுகொண்டிருந்த ஜனங்கள் சிரித்தார்கள். உன் தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் காது சுட்டது. என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்துதான் கதவுப் படத்தை வரைந்தேன். பெரிய தாள். இருட்டு அறை, சுவரில் சட்டம் சட்டமாக வெளிச்சம், தாழ்ப்பாளில் கை வைத்த என் அம்மா, ஜன்னலில் உன் கண். இந்தத் தடவை எல்லாருக்கும் முகம் வைத்தேன். வரைந்து முடித்துவிட்டுச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இந்த அறையை நடத்துகிற சின்னப் பெண் மற்றப் படங்களைப் பார்க்க வந்தபோது அதையும் இழுத்துவிட்டாள். இதுதான் நடுவில் வரவேண்டும் அக்கா, இது இல்லாமல் மற்றதெல்லாம் பாதிக் கதை என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் தலையாட்டிவிட்டேன். கம்பத்து ஆட்கள் எங்கே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் படம் பார்க்க வரப்போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

போன வாரம் உன் தம்பியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். இப்போது அவன்தான் கோயில் கமிட்டித் தலைவன். உன் அப்பாவின் குரல் அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது, உனக்குத் தெரியும்தானே. “அக்கா, நம்ம கம்பத்த வரைஞ்சிருக்கீங்களாம், குரூப்ல போட்டிருந்தாங்க. நாங்க ஒரு வேன் எடுத்துட்டு வரோம் லா. அம்மாவையும் ஏத்திட்டு வந்துடுறோம்.” சந்தோஷமாகச் சொல்கிறானா, வேறு மாதிரிச் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இன்றைக்கும் அந்த வீடு கோயில் நிலத்தில்தான் நிற்கிறது. இந்த வயசில் அம்மாவை அங்கிருந்து பிடுங்கினால் அவள் என் செராஸ் அறையில் ஒரு மாசம் உயிரோடு இருக்கமாட்டாள்.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அன்றே கம்பத்துக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையில் படத்தை விரித்து, மூலைக்கு மூலை பிஸ்கட் டின்னையும் டம்ளரையும் வைத்தாள். உன் கண் இருந்த இடத்தில் விரலை வைத்தாள், கரி ஒட்டிக்கொண்டது. நான் படபடவென்று கொட்டினேன். இதை மாட்டப்போவதில்லை, வேறு படம் இருக்கிறது, நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, இன்றே கிழித்துவிடுகிறேன் என்றேன். டயாலிசிஸில் நீ என்னிடம் சொன்னதையும் அவளிடம் சொன்னேன்.

அதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும். நான் உள்ள இருட்டுல விரல்விட்டு எண்ணிட்டு இருந்தேன். வருஷா வருஷம் எண்ணுவேன். பத்துதான். ஒன்னு கூடல, ஒன்னு கொறையல.”

நெத்திலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கிள்ளாமல் பேசினாள். அதைத் தெரிந்த ஆள் ஊரிலேயே நான் ஒருத்திதான், சொன்னால் நான் உள்ளே இருந்தேன் என்று ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், பெட்டிக்குள் இருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்போதும் மூடிக்கொண்டிருந்தேன் என்றாள். நிலத்துக்கு ஏதாவது ஆகுமா என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்து நின்ற அதே முகம். நான் அதை வரைந்தது சரிதான் என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு எனக்கு வந்தது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“மாட்டு. நானே வந்து பக்கத்துல ஒக்காந்துக்கறேன்” என்றாள்.

இன்று மத்தியானம் வேன் வந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் ஏறி வர வர, எனக்கு மேசைக்கு அடியில் போய் நுழைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. உன் தம்பி முன்னால், அவன் பின்னால் கமிட்டி ஆட்கள், ஜெபமாலைக் கூட்டத்து ஆன்ட்டிகள், நடுவில் கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் என் அம்மா. அவர்கள் கலகலவென்றுதான் வந்தார்கள். லோங்காங்கைப் பார்த்துச் சிரித்தார்கள், கடை வரிசையைப் பார்த்து இது இன்னார் கடை என்றார்கள். கேட்டைப் பிடித்த கைகளுக்கு முன்னால் சிரிப்பு நின்றது. அடுத்தது கதவுப் படம். அம்மா சொன்னபடியே ஒரு நாற்காலியை இழுத்து அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

உன் தம்பி ஜன்னலில் இருந்த உன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் திரும்பாமலே கேட்டான்.

“ஆன்ட்டி, அன்னிக்கு நீங்க உள்ளதான் இருந்தீங்களா?”

“உள்ளதான் இருந்தேன் தம்பி. பயந்துகிட்டு தொறக்கல. உங்க அக்கா என்னைப் பாத்தா. எனக்காகத்தான் அப்படிச் சொன்னா.” அம்மா நிறுத்தவில்லை. “அவளுக்கு எண்ணத் தெரியும்யா. அன்னிக்கு அவ சொன்னது பத்து. நான் எண்ணுனேன்.”

ஓர் ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். மாதா வந்து நின்றும் திறக்கவில்லையா என்று பின்னால் ஒருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது என் காதில் விழுந்தது, அம்மாவுக்கும் விழுந்திருக்கும். உன் தம்பி எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூட எனக்குத் தேவலை. படியிறங்கிக் கீழே போனான். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் இறங்கினார்கள். என்னிடம் யாரும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

இன்று ராத்திரி என்னோடு தங்கு, நாளைக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள். “அவங்களோட வந்தேன், அவங்களோட போறேன். இன்னிக்கு எறங்கிட்டா அப்புறம் ஏறவே முடியாதுடி” என்றாள். அவள் ஏறும்போது உள்ளே யாரும் நகர்ந்து இடம் கொடுத்த மாதிரித் தெரியவில்லை. வேன் தெருமுனையில் திரும்பியது. நான் மேலே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் கரண்ட் போனது.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது தைரியம் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். நீ தைரியசாலி இல்லை, நீயும் பயந்தவள்தான். பயந்துகொண்டே நிதானமாகச் சொன்னாய், அவ்வளவுதான். நான் உன்னிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். அது இல்லாமல் இந்தப் படங்களில் ஒன்றைக் கூட நான் வரைந்திருக்க மாட்டேன். ஆனால் அதற்கு இன்றைக்கு என் அம்மாவை விலையாகக் கொடுத்துவிட்டேனோ என்றுதான்

இங்கே நிறுத்திவிட்டேன். போன் அதிர்ந்தது. உன் தம்பி. எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ஸ் மெசேஜ் மட்டும். முதல் தடவை வேறு எங்கோ அழுத்திவிட்டேன்.

அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. வேனுக்குள் பிடித்து அப்படியே அனுப்பியிருக்கிறான். கம்பத்து வேன் எங்கே போனாலும் வந்தாலும் ஜெபமாலை சொல்வார்கள், உனக்குத் தெரியும். முன்னால் சொல்வது என் அம்மா. அவள் இதுவரை ஒருநாளும் முன்னால் சொன்னதில்லை. குரல் நடுங்குகிறது, ஆனாலும் அவசரப்படாமல் முதல் பாதியைச் சொல்லி முடிக்கிறாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம். யாரோ இருமுகிறார்கள். வேன் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு வாயும் திறக்கவில்லை. அம்மாவின் மூச்சு கூடக் கேட்கிறது.

பிறகு மறு பாதியை ஒரே ஓர் ஆள் சொல்கிறான், போனுக்குப் பக்கத்திலிருந்து, உன் அப்பாவின் குரலில்.